சர்டிபிகேட்டுக்குத்தான் அனுப்பினேன்

இப்படி உட்காருங்க தம்பி, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். பையைக் கீழ வைங்க, பரவாயில்ல. மடியில என்ன, ஃபைலா? விவசாயப் பயிற்சின்னு போட்டிருக்கு. கிராமத்து இளைஞர்களுக்கு நடத்துறாங்களே, அதுவா? ஆறு நாளும் முடிச்சிட்டீங்களா? சாப்பாடு நல்லாப் போட்டிருப்பாங்க. எம் மவனுக்கும் போட்டாங்க. எம் மவனும் அங்க படிச்சவன்தான்.

படிச்சு என்ன பண்ணான்னு கேளுங்களேன். நீங்க கேட்க மாட்டீங்க, மரியாதை தெரிஞ்ச புள்ளையா இருக்கீங்க. நானே சொல்றேன். பஸ்ஸு ஊரு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

நான் கோர்ட்டுல இருந்து வர்றேன். ஒதுங்காதீங்க தம்பி, கொலைகிலை எல்லாம் இல்ல. நான் யாரு மேலயும் கை வைக்கிறவனே இல்ல. எங்க பக்கம் வந்து மருந்துக்கடை நல்லுசாமின்னு கேட்டுப் பாருங்க. மருந்துன்னா தலைவலி மருந்து இல்ல, பூச்சிமருந்து. இருபத்திரெண்டு வருசம் கடை. சுத்துப்பட்டு ஒம்பது ஊரு மக்காச்சோளமும் பருத்தியும் என் கையாலதான் பிழைச்சுது. இலையைக் கிள்ளிக்கிட்டு வருவாங்க. நான் ஒரு பார்வை பார்ப்பேன். பாட்டிலை எடுத்து வைப்பேன். அவ்வளவுதான். ஏன், எதுக்கு, எத்தனை நாளைக்குன்னு ஒருத்தனும் கேட்க மாட்டான். கேட்டா எனக்குப் பிடிக்காது. டாக்டர்கிட்ட போய் ஏன் இந்த ஊசின்னு கேட்பீங்களா? அந்த மாதிரிதான்.

நான் சொந்தமா ஒரு கலவை வச்சிருந்தேன். மூணு மருந்தை ஒண்ணாக் கலந்து வெள்ளைக் கேன்ல அடைச்சுக் கொடுப்பேன். லேபிள் கிடையாது. எதுக்கு லேபிள்? ‘நல்லுசாமி கலவை கொடுங்கண்ணே’ன்னு பேரு சொல்லிக் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. அடிச்ச மறுநாள் காலையில பயிரு நிக்கிற காட்டுக்குள்ள ஒரு ஈ பறக்காது. ஒரு குருவி உட்காராது. அப்படி சுத்தமா இருக்கும்.

எனக்கு ஒரே மவன். குணாளன். சென்னையில ஏதோ கம்பெனியில இருந்தான், பிடிக்கலைன்னு வந்துட்டான். சரி, நம்ம கடையைப் பார்த்துக்கட்டும்னு விட்டேன். அந்த நேரம் பார்த்து ஆபீசர் ஒருத்தர் வந்து, கடையில படிச்ச ஆள் ஒருத்தர் இருக்கணும், பயிற்சி எடுத்திருக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. ஏதோ ஒரு சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு சுவத்துல மாட்டிட்டா போதும்னு எனக்குத் தோணுச்சு. அதுக்குத்தான் அவனை அனுப்பினேன். சர்டிபிகேட்டுக்குத்தான் அனுப்பினேன் தம்பி. படிக்க அனுப்பலை.

அவன் படிச்சிட்டு வந்துட்டான்.

வந்த மறுநாளே ஆரம்பிச்சான். ஒரு விவசாயி வந்து மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்துடுச்சுண்ணே, கலவை கொடுங்கன்னாரு. நான் கேனை எடுக்கத் திரும்புறேன். இவன் பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, “பயிருக்கு எத்தனை நாளுங்க?”ன்னு கேட்கிறான். பதினஞ்சு நாளுன்னாரு. “இருபது செடியைப் பார்த்தா எத்தனை செடியில புழு இருக்கு?” ஒண்ணுலதான் தம்பின்னாரு. “அப்போ மருந்தே வேணாங்க. இலைக்கு அடியில முட்டை குவியலா இருக்கும், கையால நசுக்கி விடுங்க. பொறி வச்சு எத்தனை அந்துப்பூச்சி விழுதுன்னு தினம் பாருங்க. தேவைப்பட்டா அப்புறம் அடிச்சுக்கலாம்.” அந்த ஆளு சரின்னு எழுந்து போயிட்டாரு! என் கடைக்குள்ள, என் பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, என் யாவாரத்தை!

கன்னத்துல ஒரு தட்டு தட்டினேன். அடின்னு சொல்ல முடியாது. அவன் அந்த நேரம் வாயைத் திறந்துக்கிட்டு இருந்தான், பல்லு உதட்டுல ஏறிடுச்சு. சட்டை முன்னாடி கொஞ்சம் ரத்தம். கடையில நாலு பேரு இருந்தாங்க. நாலு பேரும் தரையைப் பார்த்தாங்க. அவன் வாயைத் துடைச்சுக்கிட்டு, “புழுவை எண்ணிட்டு மருந்து கொடுக்கலாம்ப்பா, அவ்வளவுதான் சொன்னேன்”ன்னான்.

சின்ன வயசுல அவனை நான் அடிச்சதே இல்ல. பெல்ட்டால ரெண்டு தடவை. அதுவும் அவன் நல்லதுக்கு. அடிக்காம வளர்த்ததுதான் தப்போன்னு இப்பத் தோணுது.

அப்புறம் அவன் கடைக்கு வரலை. நல்லதுன்னு விட்டேன். பார்த்தா, ஞாயித்துக்கிழமை ஆனா பால் சொசைட்டி வாசல்ல போய் உட்கார்ந்துக்கிறான். பால் ஊத்த வர்றவங்க எல்லாம் அவனைச் சுத்தி நிக்கிறாங்க. ஆம்பளைங்க, பொம்பளைங்க, காலேஜு போற பசங்க. எல்லார் வாயிலயும் கேள்வி. ட்ரோன்ல மருந்து அடிச்சா இலை கருகுமா? சொட்டுநீர் போட்டா குழாய் அடைக்குதே, என்ன பண்றது? யூரியாவைக் கூடப் போட்டா பயிரு பச்சையா வருதே, அப்புறம் ஏன் பூச்சி கூட வருது? மண்ணை எங்க கொடுத்துப் பார்க்கிறது, எவ்வளவு ஆழத்துல தோண்டி எடுக்கணும்? எங்கிட்ட இருபத்திரெண்டு வருசமா வாயே திறக்காதவங்க தம்பி! இவ்வளவு கேள்வியை எங்க ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னே தெரியலை.

இவன் என்ன பதில் சொல்றான்னு நானும் ஒருநாள் ஓரமா நின்னு கேட்டேன். பாதிக் கேள்விக்கு, “எனக்குத் தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்”ங்கிறான். வெட்கமே இல்லாம. நோட்டுல எழுதிக்கிறான். மறுவாரம் போன் பண்ணிக் கேட்டு வந்து சொல்றான். தெரியலைன்னு சொல்ற ஒருத்தனை நம்பி இந்த ஜனம் போகுது. நான் வாழ்க்கையில ஒருநாளாவது தெரியலைன்னு சொல்லியிருப்பேனா?

எங்களுக்கு ஓடைப் பக்கம் ஒண்ணேகால் ஏக்கர் காடு இருக்கு. அதுல அவன் மக்காச்சோளம் போட்டு, ஓரத்துல சுத்தித் தட்டைப்பயறு விதைச்சு, குச்சி நட்டுப் பொறி மாட்டியிருந்தான். ஊரே வந்து வேடிக்கை பார்க்குது. மருந்துக்கடைக்காரன் காட்டுலயே மருந்து அடிக்கலைன்னா எனக்கு என்ன மரியாதை? ஒரு நாள் காலையில போய் ஒவ்வொரு பொறியாப் பிடுங்கினேன். காலால மிதிச்சேன். ஏழாவது பொறியில கை வைக்கும்போது அவன் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுட்டான். பெத்த அப்பன் கையை! “வேணாம்ப்பா, அறுப்பு வரைக்கும் விடுங்க, அப்புறம் நீங்க சொல்றபடி கேட்கிறேன்”னு கெஞ்சுறான். கெஞ்சுறவன் கையை ஏன் பிடிக்கணும்? கையில பொறிக் குச்சி இருந்துச்சு. அதாலதான் அடிச்சேன். முதுகுல, தொடையில. குச்சி ரெண்டா ஒடிஞ்சுடுச்சு, ஒடிஞ்ச பாதி கூராப் போச்சு, அதுக்கு நான் பொறுப்பா?

எம் பொண்டாட்டி பூங்காவனம் கஞ்சி கொண்டு வந்தவ, தூக்குச்சட்டியைப் போட்டுட்டுக் குறுக்க விழுந்தா. அவளுக்கும் ஒண்ணு விழுந்துச்சு. நெத்தியில. குறுக்க வந்தா என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க. ஓங்கின கையை நடுவுல நிறுத்த முடியுமா? அவ அன்னையில இருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சோறு மட்டும் வைப்பா. வச்சிட்டு உள்ள போயிடுவா. நான் நிம்மதியாச் சாப்பிட்டேன்.

இதுவரைக்கும் குடும்ப விசயம். அப்புறம்தான் ரெங்கராசு விழுந்தான்.

ரெங்கராசு என் பழைய ஆளு. ஊரே மவன் பின்னாடி போனப்பவும் எங்கிட்டதான் வந்தான். அவன் காட்டுல மக்காச்சோளம் ஆளுக்கு மேல வளர்ந்து நிக்குது, குருத்துக்குள்ள புழு. என்னண்ணே பண்றதுன்னான். எனக்கு ஒரு வைராக்கியம். இந்தக் காட்டைச் சுத்தம் பண்ணிக் காட்டினா பால் சொசைட்டிக் கூட்டம் தன்னால கலையும். கலவையில இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு மடங்கா அடிடா, ஒண்ணும் ஆகாதுன்னேன். அவன் கேட்டான். உண்மையைச் சொல்லணும்ல, அவன் கேட்டான். “மூஞ்சியில துணி கட்டணுமாண்ணே? குணா சொல்லுச்சு”ன்னு. எனக்குச் சுள்ளுன்னு வந்துடுச்சு. “இருபது வருசமா கட்டினியா? இப்ப என்ன புதுப்பொண்ணா நீ?”ன்னேன். சிரிச்சுக்கிட்டே போனான்.

உச்சி வெயில். காத்தே இல்ல. ஆளுக்கு மேல நிக்கிற சோளத்துக்குள்ள பூந்து அடிச்சிருக்கான். அடிச்ச மருந்து மேல போகாம அவன் மேலயே இறங்கியிருக்கு. அவன் பொண்டாட்டி கத்தின சத்தம் கேட்டு ஆளுங்க ஓடுனாங்க. நானும் ஓடினேன். வரப்புல கிடந்தான். வாயில நுரை. உடம்பெல்லாம் வேர்த்து, வேட்டி நனைஞ்சு, காலு ரெண்டும் வெட்டி வெட்டி இழுக்குது. மண்ணைக் குதிகாலால உதைச்சு உதைச்சுக் குழியே பண்ணிட்டான். கண்ணு திறந்திருக்கு, ஆனா கண்ணு பாப்பா குண்டூசி முனையளவு சுருங்கிப் போச்சு. குணா எங்கிருந்து வந்தான்னு தெரியலை. வந்தவன் முதல்ல ரெங்கராசு சட்டையைக் கிழிச்சு எறிஞ்சான். தண்ணியை ஊத்தி உடம்பைக் கழுவினான். ஒருக்களிச்சுப் படுக்க வச்சான். வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். நானும் போனேன் தம்பி. மனுசத்தன்மை இல்லாதவனா நான்?

டாக்டரு ஒரு சின்னப் பொண்ணு. “என்ன மருந்து அடிச்சாரு? பேரு தெரிஞ்சாத்தான் சரியா வைத்தியம் பார்க்க முடியும்”னு கத்துது. எல்லாரும் என்னையப் பார்க்கிறாங்க. அந்தக் கலவையில ஒரு மருந்து, விக்கக் கூடாதுன்னு தடை பண்ணினது. பழைய இருப்பு. சொன்னா கடை போச்சு. நான் யோசிச்சு, “டானிக்குதாம்மா, பயிருக்கு அடிக்கிற டானிக்கு”ன்னேன். ஒரு நிமிசம் போனா அவங்களே கண்டுபிடிக்கப் போறாங்க, படிச்சவங்கதானே.

குணா என்னையப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கலை. “டானிக் இல்ல மேடம். மூணு மருந்து”ன்னு ஒவ்வொரு பேராச் சொன்னான். எது எவ்வளவுன்னும் சொன்னான். “கலந்து கொடுத்தது எங்கப்பா”ன்னான்.

வாயை மூடத்தான் போனேன். கழுத்து கைக்குள்ள வந்துடுச்சு. சுவத்தோட வச்சு அமுக்கிட்டேன்னு சொல்றாங்க. எனக்கு ஞாபகம் இல்ல. அவன் மூஞ்சி நீலம் பாரிச்சுது, அது ஞாபகம் இருக்கு. வார்டுபாய் ரெண்டு பேரும் ஒரு நர்ஸம்மாவும் சேர்ந்து என் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தாங்க. அந்தப் பக்கம் ரெங்கராசுவுக்கு ஊசி மேல ஊசி போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆளு பிழைச்சுட்டான். பிழைச்சுட்டான்ல? அப்புறம் என்ன? கை மட்டும் நடுங்குது, டம்ளரைத் தூக்க முடியாது. வேற ஒண்ணுமில்ல.

மறுநாள் காலையில ரெங்கராசுவோட பங்காளிங்க பதினஞ்சு இருபது பேரு கடைக்கு வந்துட்டாங்க. கட்டை, கடப்பாரை. முதல் கல்லுலயே கண்ணாடி அலமாரி நொறுங்கிடுச்சு. என்னைய வெளிய இழுத்து, வேட்டியை உருவி, நெஞ்சுல மிதிச்சாங்க. விலா எலும்பு ஒண்ணு விட்டுப் போச்சு, இன்னும் மழை வந்தா வலிக்கும். அப்போ குணா ஓடி வந்து எம்மேல குப்புறப் படுத்துக்கிட்டான். அவன் முதுகுல ரெண்டு கட்டை விழுந்துச்சு. படுத்துக்கிட்டே கத்துறான், “உள்ள இருக்கிற பாட்டில் உடைஞ்சா தெருவே சாகும்! குழந்தைங்க இருக்கு! என்னைய அடிங்க, கடையை விடுங்க!”ன்னு. அவங்க நின்னுட்டாங்க. ரெங்கராசு அண்ணன் கடப்பாரையைக் கீழ போட்டுட்டு, “உன் மூஞ்சிக்காக விடறோம்டா குணா”ன்னுட்டுப் போனான்.

உன் மூஞ்சிக்காக! கவனிச்சீங்களா? இவன் சொன்னா அவங்க கேட்கிறாங்கன்னா, இவன் அவங்களோட கூட்டுன்னுதானே அர்த்தம்? எனக்கு அப்பவே விளங்கிடுச்சு.

அதுக்கு அடுத்த நாள் ஆபீசருங்க ஜீப்புல வந்து இறங்கினாங்க. எந்த ரேக்குல எது இருக்கு, வெள்ளைக் கேன் எங்க இருக்குன்னு குணாதான் எடுத்துக் காட்டினான். “ஒண்ணையும் ஒளிக்காதீங்கப்பா, இதோட முடிச்சிடுவோம். கடை போனா போகுது, காடு இருக்கு, சேர்ந்து பாடுபடுவோம்”னு எங்கிட்ட வேற சொல்றான். அரக்கு வச்சு சீல் அடிச்சாங்க. இருபத்திரெண்டு வருசம். ஜீப்பு போச்சு. தூசி அடங்கலை. பதினோரு மணி வெயில். தெருவே நின்னு பார்க்குது.

ஷட்டரை இழுக்கிற இரும்புக் கம்பி இருக்குமே, நுனியில கொக்கி வச்சது, அது சுவத்தோரம் சாஞ்சு நின்னுச்சு.

ஒரு அடிதான் அடிச்சேன். வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு, சரி, உங்ககிட்ட எதுக்கு. முதல் அடி முழங்கையில. மளுக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அவன் திரும்பி ஓடியிருக்கலாம். ஓடலை. தடுக்கக்கூட இல்லை. என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிக்கிறான். அதுதான் எனக்கு வெறியைக் கிளப்பிடுச்சு. ஓடினா விட்டிருப்பேன். ரெண்டாவது தோள்ல. அப்புறம் இடது காதோட சேர்த்து ஒண்ணு. அப்புறம் கணக்கு இல்ல. அவன் கீழ விழுந்த பிறகும் நான் நிறுத்தலைங்கிறாங்க. பால் சொசைட்டி ஆளுங்க வந்து பின்னாடி இருந்து கட்டிப் பிடிச்சு என்னைய மல்லாத்திட்டாங்க. டாக்டர் சர்டிபிகேட்டுல பதினொரு காயம்னு எழுதியிருக்கு. சிமிட்டித் தரையில விழுந்து சிராய்ச்சதையும் எல்லாம் சேர்த்து எழுதியிருப்பாங்க. நான் அத்தனை அடிக்கலை.

ஆஸ்பத்திரிக்காரங்களே போலீசுக்குச் சொல்லிட்டாங்க. இருபத்தி மூணு நாள் உள்ள இருந்தேன். ஜாமீன்ல வந்து பார்த்தா வீடு பூட்டிக் கிடக்கு. பூங்காவனம் அவனைக் கூட்டிக்கிட்டுப் பால் சொசைட்டிக்குப் பக்கத்துல ஒரு ரூம்புக்குப் போயிட்டா. அவனுக்கு முழங்கை மடங்காது. இடது காது சுத்தமாப் போச்சு. ஆனா அந்த ஒண்ணேகால் ஏக்கர்ல மக்காச்சோளம் நல்லா விளைஞ்சுதுன்னு கேள்வி. இப்பவும் ஞாயித்துக்கிழமை ஆனா கூட்டம் நிக்குதாம். கேள்வி கேட்கிறவங்க அவன் வலது பக்கமா வந்து உட்கார்ந்து கேட்கிறாங்களாம். ரெங்கராசு போய் உட்கார்ந்துக்கிட்டு, நடுங்குற கையை எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்கானாம். விளம்பரம்!

ரெண்டு வருசம் இழுத்து, இன்னிக்குத்தான் தம்பி அவன் சாட்சி. வக்கீல் என்னைய எச்சரிச்சாரு, பையன் நடந்ததைச் சொன்னா மூணு வருசத்துக்குக் குறையாதுன்னு. நான் கூண்டுல நிக்கிறேன். அவன் எதிர்க்கூண்டுல ஏறினான். மெலிஞ்சு போயிட்டான். அரசு வக்கீல் கேட்டது அவனுக்குக் கேட்கலை, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான். அவரு திரும்பக் கேட்டாரு, “உங்களை அடிச்சது யாரு?”

“தெரியாதுங்க”ன்னான்.

அரசு வக்கீல் என்னையக் கை காட்டி, “அங்க நிக்கிறாரே, அவரைத் தெரியுமா?”ன்னாரு. குணா என்னையப் பார்த்தான். அவசரமில்லாம, உச்சி முதல் கால் வரைக்கும் பார்த்தான். “தெரியாதுங்க.” நீதிபதி அய்யாவே குனிஞ்சு, “நல்லாப் பார்த்துச் சொல்லுப்பா, பயப்படாதே”ன்னாரு. “பார்த்துட்டேங்கய்யா. இவரு யாருன்னு எனக்குத் தெரியாது.” அரசு வக்கீல் பேப்பரைப் புரட்டி, உங்க தகப்பனார் பேரு என்னன்னு கேட்டாரு. அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம், “பூங்காவனம் மகன் குணாளன்னு எழுதிக்குங்க”ன்னான்.

எவ்வளவு சாமர்த்தியம் பார்த்தீங்களா! அப்பன் பேரைச் சொன்னா அப்பன் மாட்டிக்குவான்னு அம்மா பேரைச் சொல்லித் தப்பிக்கிறான். அடி வாங்கினவனே சொல்லலைன்னா கேஸு நிக்காதுன்னு எங்க வக்கீல் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி. என்ன இருந்தாலும் ரத்தம். விட்டுக் கொடுக்கலை பாருங்க.

வெளிய வந்ததும் அவன் பின்னாடியே போனேன். “குணா”ன்னு கூப்பிட்டேன். திரும்பலை. இடது பக்கமா நின்னு கூப்பிட்டிருக்கேன், அந்தக் காதுதான் கேட்காதே, எனக்கு மறந்துடுச்சு. சுத்தி வலது பக்கமா வந்து, இன்னொருக்கா கூப்பிட்டேன். சத்தமாவே கூப்பிட்டேன். பூங்காவனம் திரும்பிப் பார்த்தா. அவன் பார்க்கலை. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிட்டான்.

பஸ்ஸு சத்தம் தம்பி. அந்த இடத்துல எப்பவும் பஸ்ஸு சத்தம்.